ஜெர்மனியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய மெர்சிடிஸ் டீசலை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது எப்படி: 240டி வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் ஆன நம்மவர்கள் சிலருக்கு, ஏதோ ஒரு கொட்டகையில் பாசி படிந்து நிற்கும் பழைய மெர்சிடிஸ் டீசலை வாங்கித் தன் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை வருகிறது. என்னிடம் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதே இல்லை. ஆனால் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், இந்த வேலையில் பணத்தைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றியவர்கள்தான்.

எடுத்துக்கொள்ளும் வண்டி மெர்சிடிஸின் டபிள்யூ123 மாடல். 1976 ஜனவரியில் அறிமுகமாகி 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன, ஜெர்மனியில் ஒரு தலைமுறைக்கு டாக்ஸி என்றாலே இதுதான். டீசலில் 200டி, 220டி, 240டி, 300டி என்று உண்டு. நான் பரிந்துரைப்பது 240டி. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன், பிறகு 72. வேகம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாததால் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடலாம். இதன் ஓஎம்616 இன்ஜின் நமக்கு அந்நியமும் இல்லை: பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கித் தயாரித்து டிராக்ஸிலும் டிராவலரிலும் போட்டது இதே இன்ஜினைத்தான். மலைப்பாதையில் டெம்போ டிராவலரில் போனவர்களுக்கு இந்தச் சத்தம் உடனே பிடிபடும்.

வரிசை இதுதான்: முதலில் பத்திரம், அடுத்து துரு, மூன்றாவது வேலை செய்ய இடம், அதற்கப்புறம்தான் இன்ஜின். எல்லோரும் நேர் எதிராகச் செய்கிறார்கள். பேட்டரி போட்டு ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கிறார்கள், அது ஆகிவிடும், பாழாய்க் கிடந்த டீசல் உறுமியதும் மனசு இளகி அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவது ஒரு செய்தியே இல்லை. தரை ஓட்டையாகிப் போன வண்டியிலும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பத்திரமும் வரியும்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஃபார்ட்ஸாய்க்ப்ரீஃப், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், இருந்தாலும் பழைய வண்டி விற்கும் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். துருவில் எண் அழிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பதிவு ரத்தாகி ஏழு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மத்தியப் பதிவேட்டில் வண்டியின் விவரம் அழிந்திருக்கும், அப்போது கையில் இருக்கிற அந்தப் பழைய பத்திரம்தான் ஒரே ஆதாரம். அதுவும் இல்லை என்றால் முழு தொழில்நுட்ப ஆய்வு செய்து புதிதாக அனுமதி வாங்க வேண்டும், செலவும் அலைச்சலும் அதிகம். "பத்திரம் எங்கேயோ இருக்கு, அப்புறம் அனுப்பறேன்" என்றால், பத்திரம் வந்தபிறகு பணம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வரிக் கணக்கையும் இப்போதே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் மொத்த வேலையின் தரத்தையும் தீர்மானிப்பது அதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வகை எதிலும் சேராத பழைய டீசலுக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் வருஷத்துக்கு 37.58 யூரோ. 240டிக்கு 24 அல்லது 25 பங்கு, ஆகமொத்தம் 900 யூரோவுக்கு மேல். அதோடு பெரிய நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் போகவும் முடியாது. இதற்கு வழி ஹெச்-நம்பர் பிளேட். முதல் பதிவிலிருந்து 30 வருஷம் முடிந்த, நல்ல பராமரிப்பில், பெரும்பாலும் அசல் நிலையில் உள்ள வண்டிக்கு இதைக் கொடுக்கிறார்கள். வரி வருஷத்துக்கு 191.73 யூரோ மட்டும், மண்டலத் தடையும் கிடையாது. டபிள்யூ123 எல்லாமே இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டது, அதனால் வயது ஒரு பிரச்சினை இல்லை, நிலைதான் கேள்வி. எனவே ஆரம்பத்திலிருந்தே ஹெச் பிளேட்டைக் குறிவைத்து வேலை செய்யுங்கள். சும்மா ஓடினால் போதும் என்று அரைகுறையாகச் சரிசெய்த டீசல், வருஷா வருஷம் வரியாகவே உங்களைத் தின்றுவிடும்.

ஓட்டுநர் உரிமத்தையும் ஞாபகத்தில் வையுங்கள். இந்தியா, இலங்கை உரிமம் இங்கே குடியேறிய ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி மாற்றியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் வண்டி தேடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

துருவைப் படிப்பது

வண்டியைப் பார்க்கப் போகும்போது பழைய உடை, நல்ல டார்ச், சின்ன காந்தம், மழுங்கலான ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துத் தேய்த்தால் பெயிண்டும் கீறாது, பட்டி பூசியிருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கிவிடும்.

மட்கார்ட் விளிம்பு, கதவின் அடிப்பக்கம், முன் மட்கார்டின் பின் முனை, ஹெட்லைட்டைச் சுற்றி, இங்கெல்லாம் துரு கண்ணுக்குத் தெரியும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இது பெரிய விஷயம் இல்லை. முன் மட்கார்ட் போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத துருவுக்கு. முதல் இடம் ஜாக்கி நுழைக்கும் நாலு குழாய்கள். அவை பக்கவாட்டுப் பீமோடு சேருகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள், சத்தம் "டிங்" என்று கேட்க வேண்டும், மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே காலி. அடுத்தது பேட்டரி உட்காரும் தட்டும் அதன் கீழும், ஆசிட் சொட்டிச் சொட்டி அரித்திருக்கும். அடுத்து, வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் பகுதி: இலை தழை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அது இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலை அரித்து முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்துக்கு வந்து சேரும். அதனால் கார்பெட்டைத் தூக்கிக் கையை வையுங்கள். ஈரமாக இருந்தால், எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். பின் கண்ணாடியின் கீழ்ச்சட்டம் இன்னொரு இடம். ரப்பருக்குக் கீழே குமிழ் குமிழாக எழும்பியிருந்தால் உள்ளே அதைவிடப் பல மடங்கு இருக்கும், கண்ணாடியைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் முடியும் இடங்கள், கடைசியாகப் பின் ஆக்சில் சட்டம் பாடியோடு சேரும் இடம். இந்தக் கடைசி இடத்தில் தகடு கிழியும் அளவுக்குப் போயிருந்தால் நான் வாங்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

அடிப்பக்கம் முழுக்கக் கருப்பாகப் புதிய பூச்சு பூசிய வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். ஒழுங்கான வண்டிக்கு அடியில் அழுக்கும் பழைய எண்ணெய்யும்தான் இருக்கும், விற்பதற்கு முன் அவசரமாகப் பூசும் தார் எதையோ மறைப்பதற்காகத்தான். பழைய பிவிசி பூச்சு எங்காவது தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றால் அதைக் குத்திப் பாருங்கள், அதற்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் இருக்கும்.

வேலை செய்ய இடம்

வெளிநாட்டில் இருப்பதன் உண்மையான சிக்கல் இதுதான். ஊரில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு இன்ஜினை இறக்குவோம். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்துகொண்டு அது நடக்காது. தெருவில் ஆயில் மாற்றுவது நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பதிவு இல்லாத வண்டியைப் பொதுத் தெருவில் நிறுத்தவே கூடாது, சீக்கிரமே மஞ்சளோ சிவப்போ ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துப் போகச் சொல்வார்கள். குடியிருப்புக் கராஜிலும் எதற்கு அனுமதி என்று வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் ஓட்டினால் பக்கத்து வீட்டோடு உறவு அன்றோடு முடிந்தது.

நான் சொல்லும் வழி இரண்டு இடம். வண்டி நிற்பதற்கு ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டகையில் காய்ந்த மூலை. பல விவசாயிகள் மாத வாடகைக்குத் தருகிறார்கள், தரை சிமெண்டா மண்ணா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மண் தரையில் ஈரம் ஏறி வண்டியைக் கீழிருந்து கெடுக்கும். அடியில் செய்யும் வேலைக்கு மீட்வெர்க்ஷ்டாட், மணிக்கணக்கில் லிஃப்டும் கருவிகளும் வாடகைக்குத் தரும் பட்டறை. பெரும்பாலான பெரிய ஊர்களில் உண்டு, சனிக்கிழமை கூட்டமாக இருக்கும், வார நாளில் விடுப்பு எடுத்துப் போனால் நிம்மதி. அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளோடு நன்றாகப் பழகுங்கள். இந்த வண்டிகளைப் புதிதாக இருந்தபோதே கழற்றிப் போட்டவர்கள் அவர்கள். உங்கள் ஜெர்மன் எவ்வளவு தடுமாறினாலும், பிரேக் கேலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவார்கள்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது என்ற கவலை வேண்டாம். ஆயில் விற்ற கடை, நீங்கள் வாங்கிய அளவுக்குப் பழைய ஆயிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, ரசீதை மட்டும் வைத்திருங்கள்.

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவர டிரெய்லர்தான் சரி. 240டி கிட்டத்தட்ட 1,400 கிலோ, டிரெய்லரையும் இழுக்கும் காரையும் சேர்த்தால் சாதாரண கார் உரிமமான பி பெரும்பாலும் போதாது, டிரெய்லர் இழுப்பதற்கான பிஇ வேண்டும், இல்லையென்றால் உரிமம் உள்ள நண்பரைக் கூப்பிடுங்கள். ஐந்து நாள் தற்காலிக நம்பர் பிளேட் ஒன்று உண்டு, ஆனால் சாலைத் தகுதிச் சோதனைச் சான்று இல்லாத வண்டியை அதில் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகத்தான் அனுமதி, நாடு முழுக்க ஓட்டிவர முடியாது. அதைவிட முக்கியம், பல வருஷம் நின்ற பிரேக்கை நம்பி யாரும் சாலையில் இறங்கக் கூடாது.

இன்ஜினை எழுப்புவது

இப்போதுதான் இன்ஜின். அவசரப்பட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பக்க 27 மில்லிமீட்டர் போல்ட்டில் சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இடித்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள், பலம் காட்டாதீர்கள். கேம் ஷாஃப்ட் பல்சக்கரத்தைப் பிடித்து ஒருபோதும் சுற்றக் கூடாது.

ஹீட்டர் பிளக் பற்றி ஒரு விஷயம். ஏறத்தாழ 1980 வரை வந்த வண்டிகளில் சுருள் கம்பி வகை பிளக், நாலும் தொடராக இணைந்தவை, ஒன்று போனாலும் நாலும் போய்விடும். பிறகு வந்தவற்றில் குச்சி வகை, இணையாகத் தனித்தனியே வேலை செய்யும். பழைய வகையில் காலையில் குளிராக இருந்தால் அரை நிமிஷத்துக்கு மேல் காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அது கோளாறு இல்லை. ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், சூடான பிளக் இருக்கிற, சிலிண்டருக்கு முன்னால் ஒரு சின்ன எரியும் அறை கொண்ட இந்த இன்ஜினில் அது பிஸ்டனை உடைத்துவிடும்.

டீசல் டேங்க்தான் அடுத்த பெரிய வேலை. வருஷக்கணக்கில் நின்ற டீசலின் அடியில் தண்ணீர் சேரும், டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புச் சேறு படியும். இங்கே பம்பில் கிடைக்கும் சாதாரண டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலப்பதால் ஈரத்தை இழுப்பது இன்னும் அதிகம். டேங்கை முழுக்க வடித்து, அடியில் உள்ள பெரிய நட்டைக் கழற்றி வலையை வெளியே எடுத்துக் கழுவுங்கள். வலை அடைத்திருந்தால் வண்டி வீட்டருகே நன்றாக ஓடி, ஆட்டோபானில் மூச்சு முட்டி நிற்கும். எத்தனையோ பேர் டீசல் பம்பைக் குறை சொல்லி மாற்றுவது இதற்காகத்தான். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்கள், கண்ணாடி மாதிரித் தெரியும் சின்ன முன் ஃபில்டர், பெரிய ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்கு நடுவே ஓடும் துணி போர்த்திய 3.2 மில்லிமீட்டர் ரிட்டர்ன் ஹோஸ், எல்லாம் புதிதாகப் போடுங்கள். விலை மிகக் குறைவு, பயன் அதிகம்.

இப்போது ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கைப் பம்பை அடித்து ஃபில்டரை நிரப்பி, பம்புக்குள் போகும் டீசல் குமிழ் இல்லாமல் வரும்வரை தொடருங்கள். வெள்ளைக் கைப்பிடி உள்ள பழைய கைப் பம்ப் என்றால் பெரும்பாலும் அதுவே காற்றை உறிஞ்சும், மாற்றிவிடுங்கள். பிறகு நாசில் முனையில் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துளித்ததும் இறுக்கினால் நாலும் பிடித்துக்கொள்ளும். செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காமல் இடைவெளி விடுங்கள். நல்ல பேட்டரி வேண்டும், டீசலுக்கு 88 ஆம்பியர்-மணி அளவு.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயிலை மாற்றியிருக்க வேண்டும், ஆறரை லிட்டர் அளவு, 15டபிள்யூ-40 போதும். ஆயில் ஃபில்டர் மேலிருந்து திறக்கும் டப்பா, மூடி ரப்பர் வளையத்தைச் சேர்த்து மாற்றுங்கள். புது ஆயில் முதல் நாளே கருப்பாகிவிடும், பதறாதீர்கள், டீசலின் இயல்பு அது.

ஸ்டார்ட் ஆனதும் கண் ஆயில் பிரஷர் முள்ளில் இருக்கட்டும். மீட்டர் 3 பார் வரைதான் காட்டும். ரேஸ் கொடுத்தால் முள் 3-ஐ முட்ட வேண்டும், சூடான ஐடிலில் 0.3க்குக் கீழே போகக் கூடாது. சூடான பிறகு ஆயில் மூடியைத் தளர்த்தி மேலே வையுங்கள். லேசாக அசைந்தால் சரி, துள்ளித் துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதியாகத் தெரிய கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் பாருங்கள்: நல்ல இன்ஜினில் 22 முதல் 24 பார், 15க்குக் கீழே போனால் ஓவர்ஹால், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது.

சாவியைத் திருப்பியும் நிற்காத இன்ஜின்

இது தெரியாமல் பயந்துபோனவர்கள் பலர். இந்தக் காரில் இன்ஜினை நிறுத்துவது மின்சாரம் இல்லை, வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். சாவியைத் திருப்பினால் டீசல் பம்பில் உள்ள ஒரு சின்ன டயாஃப்ரமுக்கு வேக்குவம் போய் டீசலை நிறுத்தும். எங்காவது லீக் இருந்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேலே "ஸ்டாப்" என்று எழுதிய ஒரு நெம்பு இருக்கும், அதை அழுத்தினால் நின்றுவிடும். முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லீக் எங்கே என்று தேட ஒரு கைப் பம்பும் கேஜும் உள்ள வேக்குவம் டெஸ்டர் வாங்குங்கள், இந்த வண்டிக்கு இதைவிட உபயோகமான கருவி வேறு இல்லை. சென்ட்ரல் லாக்கிங்கும் அதே வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது, கதவுகளுக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் கதவு பூட்டாதது மட்டுமல்ல, இன்ஜினும் நிற்காது. ஒவ்வொரு பிரிவாகக் குழாயைக் கழற்றி, வேக்குவம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தால் ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் காய்ந்து வெடித்த ரப்பர் இணைப்புகள்தான். பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் இன்ஜினின் அதே வேக்குவம் பம்பிலிருந்துதான் வருகிறது, அதனால் இதை வசதிக்கான வேலை என்று தள்ளிப்போடாதீர்கள்.

டேப்பெட், செயின்

இந்த இன்ஜினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் டேப்பெட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. கேட்பாரற்றுக் கிடந்த வண்டியில் கடைசியாக எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. இரண்டு 14 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும், இதற்கென்றே வளைத்த ஸ்பானர் கிடைக்கிறது, வாங்குங்கள், சாதாரண ஸ்பானரில் விரல் தோல் போகும். எக்ஸாஸ்ட் இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் இறங்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக மறுத்த வண்டி டேப்பெட் போட்டதும் முதல் அடியிலேயே பிடித்துக்கொள்வது இந்த இன்ஜினில் சகஜம். அதனால் கம்ப்ரஷன் குறைவாக வந்தாலும், டேப்பெட் போட்டு மறுபடி அளக்காமல் ஓவர்ஹால் முடிவுக்கு வராதீர்கள்.

வால்வு மூடி திறந்திருக்கும்போதே டைமிங் செயினையும் பாருங்கள். கேமில் உள்ள குறி நேராக வரும்போது கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனைச் சக்கரமான டாம்பரில் எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்பதுதான் செயின் நீண்ட அளவு. ஓரிரு டிகிரி பரவாயில்லை, ஐந்தை நெருங்கினால் மாற்றுங்கள். பழைய செயினோடு புதுச் செயினைக் கோத்து, கிராங்கைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுக்கலாம், ஆனால் செயினைப் பல்லில் இறுக்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் கட்டாயம்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும்

நாலு சக்கரத்திலும் டிஸ்க். நின்ற வண்டியில் கேலிப்பர் பிஸ்டன் துருவேறிப் பிடித்திருக்கும், பழுதுபார்க்கும் கிட் கிடைக்கிறது. ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே ஓடும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் சோதனையில் கட்டாயம் மாட்டுவீர்கள். கால் பிரேக்காக இருக்கும் பார்க்கிங் பிரேக், பின் டிஸ்குக்குள் இருக்கும் சின்ன டிரம் ஷூவில் வேலை செய்கிறது, லைனிங் கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜெர்மனியில் ஆஸ்பெஸ்டாஸ் 1993ல்தான் தடையானது, பழைய பிரேக் தூசியில் அது இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

ஸ்டியரிங் டாம்பர், டை ராட், பால் ஜாயின்ட், புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு ரப்பர் டிஸ்க்குகள், நடு பேரிங், இன்ஜின் மவுண்டிங் இவற்றை ஒன்றாகவே மாற்றிவிடலாம். மேனுவல் கியர்பாக்ஸ் உள்ள 240டியில் கனமான கியர் ஆயில் ஊற்றாதீர்கள், அதற்கு ஆட்டோமேட்டிக்குக்குப் போடும் ஏடிஎஃப்தான். எந்தப் பெட்டியையும் வடிப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள், அது இறுகிப்போயிருந்தால் வடித்த பிறகு வண்டி நகராது. டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும். மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், காற்று நின்றாலும் தூக்கிப் போடுங்கள்.

வெல்டிங்

நீங்களே கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் வண்டியின் பீமில் கற்றுக்கொள்ளக் கூடாது. நான் சொல்லும் வழி: துருவைச் சுரண்டி நல்ல தகடு தெரியும்வரை வெட்டிச் சுத்தம் செய்வது உங்கள் வேலை, வெல்டிங் அனுபவமுள்ளவர் வேலை, பூச்சு மறுபடி உங்கள் வேலை. நேரம் அதிகம் பிடிப்பது சுத்தம் செய்வதில்தான் என்பதால் இதில் கணிசமான பணம் மிச்சம். வெட்டுவதற்கு முன், சோதனைக்குக் கொண்டுபோகப் போகும் பொறியாளரிடமே வண்டியைக் காட்டி எந்த இடத்தை எப்படி வெல்ட் செய்தால் ஏற்பார் என்று கேளுங்கள், பலர் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். பூச்சுக்குப் பிறகு, மூடிய பீம்களுக்குள் மைக் சாண்டர்ஸ் கிரீஸ் மாதிரி ஒன்றைச் சூடாக்கி அடியுங்கள். ஈரமாக இருக்கும் பீமுக்குள் அடித்தால் தண்ணீரை உள்ளேயே பூட்டிவைத்த மாதிரி, அதனால் கோடையில் நன்றாகக் காய்ந்த பிறகு.

மின்சாரத்தில் பெரிய வேலை இல்லை. குண்டு மாதிரியான பழைய ஃபியூஸ்களில் முனை ஆக்சைடு படியும், எல்லாவற்றையும் செம்பு வகையில் மாற்றி, பிடிப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பாதிக் கோளாறு மறையும்.

பாகங்கள்

இந்த வண்டியில் பாகம் கிடைக்காமல் நிற்பது அரிது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மெர்சிடிஸ் டீலரின் பாகங்கள் கவுன்டரில் சரியான பாக எண்ணை எடுத்துத் தருகிறார்கள், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஃபெல்பாக்கில் நிறுவனத்தின் கிளாசிக் மையமே 1993 முதல் இருக்கிறது. பாக எண்தான் உங்கள் மொழி. ஜெர்மன் பெயர் நாக்கில் வராவிட்டாலும் எண்ணை எழுதிக் காட்டினால் போதும். ரப்பர், பிரேக், நாசில் இவற்றை நல்ல கம்பெனியில் வாங்குங்கள், கதவு, கைப்பிடி, உள்அலங்காரம் பழைய வண்டியிலிருந்து எடுத்தது போதும். ரப்பரில் மலிவானதைப் போட்டால் இரண்டு வருஷத்தில் மறுபடி அதே வேலை.

சோதனை நாள்

சோதனை நடத்தும் அமைப்புகளான டியூஃப், டெக்ரா, ஜிடியூ எதற்கு வேண்டுமானாலும் போகலாம். பிரதான சோதனையையும் ஹெச் பிளேட்டுக்கான ஆய்வையும் ஒரே நேரத்தில் முடிக்கலாம். பழைய வண்டிகளைப் பார்த்துப் பழகிய பொறியாளர் எந்தக் கிழமையில் வருவார் என்று போன் செய்து கேட்டுப் போங்கள். பெரிய மாற்றம் செய்த வண்டியை ஹெச் பிளேட்டுக்கு ஏற்க மாட்டார்கள், அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்த மாற்றம் என்றால் பரவாயில்லை.

டர்போ இல்லாத பழைய டீசலுக்குப் புகை அளவு 2.5ஐத் தாண்டக் கூடாது. உச்ச வேகம்வரை அழுத்தி அளப்பார்கள். ஓட்டாமல் கிடந்த இன்ஜினில் கரி நிறையப் படிந்திருக்கும், தற்காலிக பிளேட்டில் சோதனை நிலையத்துக்குப் போகும் வழியிலேயே மேட்டுச் சாலையில் தாழ்ந்த கியரில் நன்றாக இழுத்து ஓட்டி, சூடு ஆறுவதற்குள் நிலையத்துக்குள் போங்கள். முதல்முறை தவறினால் ஒரு மாதத்துக்குள் குறைகளைச் சரிசெய்து மறுசோதனைக்கு வரலாம், முழுக்கட்டணம் கிடையாது. அதனால் சின்னச் சின்னச் சந்தேகங்களுக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். போய்க் காட்டுங்கள், எழுதிக் கொடுக்கும் பட்டியலைவிடத் தெளிவான வேலைத்திட்டம் வேறு கிடைக்காது.

தேறிய பிறகு காப்பீட்டு நிறுவனம் தரும் மின்னணு எண், பத்திரம், சோதனை அறிக்கை, ஹெச் ஆய்வறிக்கை, வரிக்கு வங்கிக் கணக்கு எண் இவற்றோடு பதிவு அலுவலகம் போனால் அன்றே பிளேட் கிடைக்கும். பழைய வண்டிக்கென்று உள்ள காப்பீடு மலிவு, ஆனால் பெரும்பாலும் தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடத் தொடங்கியதும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிடுவதே நல்லது. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, டயரில் காற்றைக் கூடுதலாக வைத்து, பேட்டரியைக் கழற்றி, பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். டேங்கில் இருப்பது கோடை டீசல் என்றால் கடும் குளிரில் மெழுகாகும், அதனால் கடைசி நிரப்பல் நவம்பருக்குப் பிறகு இருக்கட்டும்.